இணையத் தடத்திலும் முறைப் பாசனம்

(இராஜாக்கமங்கலம் வட்டார வளர்ச்சி அலுவலர் எழுதுவது)

பேச்சிப்பாறை அணை திறக்கப்பட்டது என்ற செய்தி வந்ததும் சானல் கரையில் முதலில் எழும் கேள்வி, கடைமடைக்குத் தண்ணீர் என்றைக்கு வந்து சேரும் என்பதே. 1906-ஆம் ஆண்டில் அவ்வணை கட்டி முடிக்கப்பட்ட காலந்தொட்டு, கன்னிப்பூவாயினும் கும்பப்பூவாயினும், நாஞ்சில் நாட்டுக் குடியானவர் அனுபவத்தில் கண்ட உண்மை ஒன்றுண்டு. அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பது மட்டும் விளைச்சலை நிர்ணயிப்பதில்லை. வழியிலுள்ள மடைகளை யார், எப்பொழுது, எவ்வளவு திறக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே நிர்ணயிக்கிறது. நமது பஞ்சாயத்து அலுவலகங்களுக்கு வந்துள்ள இணையத் தடத்திற்கும் இவ்வுண்மை அப்படியே பொருந்தும். அதிலும், கணினிகள் தமக்குள் நேரடியாகக் கொடுத்து வாங்கும் ஒருவகை மென்பொருள் இருக்கிறது. அது பொதுத் தடத்தை எவ்வாறு பங்கிடுகிறது, அதற்கு முகவரிகள் எவ்வாறு அமைகின்றன, அதனை நாம் எப்படி முறைப்படுத்தலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிராமங்கள்தோறும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்திற்கு 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதுவே பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. நமது மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் பணிக்கென 2018-இல் தனி நிறுவனம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 2022-இல் அப்பணி தொடங்கி வைக்கப்பட்ட இடம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து முத்தலக்குறிச்சி ஊராட்சி என்பது நமக்குப் பெருமையே. ஓர் ஊராட்சிக்கு விநாடிக்கு 1 கிகாபிட் என்பது திட்டத்தின் இலக்கு. ஆனால் தலைமதகில் பாயும் நீரின் அளவு வேறு, நம் வயலில் ஏறும் நீரின் அளவு வேறு என்பதை இந்நாட்டு விவசாயிகளுக்கு எடுத்துக் கூறத் தேவையில்லை.

சென்ற ஆண்டு என் கண் முன்னே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டா. மின்கம்பத்தின்மீது தென்னை மட்டை விழுந்து கண்ணாடி இழை அறுந்திருந்த வாரம் அது. மாற்று ஏற்பாடாக, சிம் கார்டு பொருத்திய ரவுட்டர் ஒன்றைக் கொண்டு அந்த அலுவலகம் வேலையை நடத்திவந்தது. தும்பு ஆலையில் வேலை பார்க்கும் வயதான அம்மையார் ஒருவர், வீட்டு வரி கட்டி இரசீது பெறுவதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து காலை பத்து மணி முதல் அமர்ந்திருந்தார். ஒரு மணிக்கு மேல் எழுத்தர், "நெட் கிடைக்கவில்லை ஆச்சி, நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். மறுநாளும் அதே கதை. இரண்டு நாள் கூலி போயிற்று.

தொலைத்தொடர்புக் கம்பெனியைத்தான் எல்லோரும் குறை கூறினோம். மூன்றாம் நாள் ஆராய்ந்து பார்த்தபோது குற்றம் அலுவலகத்திற்குள்ளேயே இருந்தது. முதலாவது, அச்சுப் பொறிக்கும் ஒரு கணினிக்கும் ஒரே முகவரி அமைந்திருந்தது. இரண்டாவது, பக்கத்து அறையில் மூடி வைத்திருந்த ஒரு மடிக்கணினி, மூன்று நாட்களாக ஓயாமல் வெளியூர்க் கணினிகளுக்குக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மடிக்கணினியை அங்கு கொண்டுபோய் வைத்தவன் நானே. கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருள்களை இறக்குவதற்காக இயக்கிவிட்டு, இறங்கி முடிந்ததும் நிறுத்த மறந்துவிட்டேன். அந்தப் பிழையால் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் முகவரியைப் பற்றிப் பார்ப்போம். இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். இதனை ஐ.பி. முகவரி என்பர். 1981-இல் வகுக்கப்பட்ட முறையின்படி உலகம் முழுமைக்கும் கிடைக்கக்கூடிய முகவரிகள் 4,294,967,296 மட்டுமே. அதாவது ஏறத்தாழ 429 கோடி. மக்கள் தொகையோ 800 கோடியைத் தாண்டிவிட்டது. உலகப் பொது இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுத் தீர்ந்தன. ஆகவே, ஓர் அலுவலகத்திற்கு வெளியே தெரியும் முகவரி ஒன்று, உள்ளே இருக்கும் கருவிகளுக்குத் தனி எண்கள் என்னும் ஏற்பாடு பரவிற்று. "மேற்பார்வை, பஞ்சாயத்து அலுவலகம்" என்று ஒரே விலாசத்திற்கு வரும் கடிதங்களை உள்ளே இருப்பவர் பிரித்துக் கொடுப்பது போன்றது இது. பிரித்துக் கொடுக்கும் வேலையை ரவுட்டர் செய்கிறது. 192.168 என்று தொடங்கும் எண்களை உங்கள் அலுவலகத்தில் பார்த்திருப்பீர்கள். அவை உள்ளூர் எண்கள். உலகெங்கும் இலட்சக்கணக்கான வீடுகளில் அதே எண்கள் உண்டு. ஊருக்கு ஊர் முதல் தெரு இருப்பதில்லையா, அதுபோல.

உள்ளூர் எண்ணை ரவுட்டர் நிரந்தரமாகக் கொடுப்பதில்லை, குத்தகைக்கே விடுகிறது. இது என் உவமை அன்று. அத்துறையினரே குத்தகை என்ற பொருளுள்ள சொல்லைத்தான் வழங்குகிறார்கள். குறித்த கெடு முடியும் முன் கருவி அதனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் எண் வேறொருவருக்குப் போகும். நான் சொன்ன அலுவலகத்தில் அச்சுப் பொறிக்கு 192.168.1.10 என்ற எண்ணை யாரோ கையால் எழுதி நிலைப்படுத்தியிருந்தார்கள். அது ரவுட்டருக்குத் தெரியாது. அது அதே எண்ணைப் புதிய கணினிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. ஒரே சர்வே எண்ணுக்கு இருவர் பெயரில் பட்டா வழங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று: ஒன்று வேலை செய்தால் மற்றொன்று படுத்துவிடும்.

குத்தகைக் கெடுவைப் பற்றி இன்னொரு செய்தி. சாதாரண ரவுட்டர் ஒன்றில் இவ்வாறு கொடுக்கத்தக்க எண்கள் 253 மட்டுமே. அதிலும் பாதிக்குக் குறைவாகவே திறந்து வைத்திருப்பது வழக்கம். கிராம சபை நாளில் நூற்றுக்கணக்கானவர் கைப்பேசியுடன் வந்து வைஃபையில் சேர்ந்தால், கெடு ஒரு முழு நாளாக இருக்கும் பட்சத்தில், வந்து போனவர்கள் பெயரிலேயே எண்கள் அனைத்தும் முடங்கிக் கிடக்கும். பின்னால் வருபவருக்கு இடமிராது. கெடுவை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டால் இத்தொல்லை தீரும். செலவு ஒன்றும் இல்லை.

இனி, கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு வருவோம். 'பீர்-டு-பீர்' என்று இதற்குப் பெயர். தமிழில் இதனைக் கைமாற்று முறை எனலாம். வழக்கமாக ஒரு கோப்பு வேண்டுமென்றால் ஒரு பெரிய சர்வரிடம் போய்க் கேட்கிறோம். அது கடைக்குப் போய்ச் சரக்கு வாங்குவது போன்றது. கைமாற்று முறையில் கடை இல்லை. ஒரு கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறதோ அவரிடம் மற்றவர்கள் வாங்கிக்கொள்வர். தம்மிடம் உள்ளதைப் பிறருக்குக் கொடுப்பர். 2001-இல் பிராம் கோஹன் என்பவர் உருவாக்கிய பிட்டோரண்ட் என்பதே இவ்வகையில் மிகப் பரவியது. யார் யாரிடம் துண்டு இருக்கிறது என்னும் முகவரிப் பட்டியலை முதலில் ஒரு மைய இடம் வைத்திருந்தது. 2002-இல் வெளியான கடெம்லியா என்னும் முறை வந்தபின், அப்பட்டியலையும் பல துண்டுகளாக்கிப் பங்கேற்பவர்களே ஆளுக்குக் கொஞ்சமாக வைத்துக்கொள்ள வழி ஏற்பட்டது.

இம்முறையின் உள்ளே அமைந்த நியாயம் நம் மொய் வழக்கத்தை ஒத்தது. எனக்கு நன்றாகக் கொடுப்பவர் எவரோ அவருக்கே நானும் கொடுப்பேன். ஒரு கோப்பைப் பொறுத்தவரை, வேகமாகக் கொடுக்கும் நால்வரை மென்பொருள் தேர்ந்து அவர்களுக்கு மட்டும் வாய் திறக்கும். பத்து விநாடிக்கு ஒருமுறை கணக்கைத் திருப்பிப் பார்க்கும். ஆனால் இப்படியே போனால், புதிதாக வந்தவர் கையில் கொடுக்க ஒன்றுமில்லாமல் என்றைக்கும் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆதலால் முப்பது விநாடிக்கு ஒருமுறை, கணக்குப் பார்க்காமல் ஐந்தாவது வாயை ஒருவருக்குத் திறந்துவிடுவது வழக்கம். சட்டமோ காவலோ இன்றி, முன்பின் அறியாத கோடிக்கணக்கானவர்கள் ஒத்துழைத்து நடத்தும் இவ்வேற்பாட்டை நான் உயர்வாகவே மதிக்கிறேன். கூட்டுறவுச் சங்கங்களை நடத்திப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

கோப்பு முழுவதும் கிடைத்தபின் அதனைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதற்கு இத்துறையில் 'விதைத்தல்' என்று பெயர். என் மடிக்கணினி மூன்று நாட்கள் செய்தது அதுவே. விதைப்பது நல்ல காரியம்தான். பிறர் வயலுக்குரிய நீரில் விதைத்தேன் என்பதுதான் குற்றம்.

பங்கீட்டுக் கணக்கை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தடத்தின் வேகத்தைக் கம்பெனிகள் பிட் கணக்கில் சொல்கின்றன. கோப்பின் பருமனையும், பல மென்பொருள்களில் வேகத்தையும், பைட் கணக்கில் காட்டுகிறார்கள். எட்டு நாழி ஒரு குறுணி என்பது போல, எட்டு பிட் ஒரு பைட். இதை மறந்தவர்கள் எட்டு மடங்கு ஏமாறுவார்கள். அன்று அந்த ரவுட்டரில் நாம் வெளியே அனுப்பும் திசையில், அதாவது பதிவேற்றத் திசையில், அளந்து கண்டது விநாடிக்கு 2 மெகாபிட். அம்மையாரின் ஆவணத்தை நகல் எடுத்து அனுப்பும் கோப்பு 2 மெகாபைட், அதாவது 16 மெகாபிட். தடம் காலியாக இருந்தால் 8 விநாடியில் போய்விடும்.

ஆனால் என் மடிக்கணினி பத்துக் கோப்புகளை விதைத்துக்கொண்டிருந்தது. கோப்புக்கு ஐந்து வாய் வீதம் ஐம்பது வாய்கள். இணையத் தடம் ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதில்லை. ஏறத்தாழ இணைப்புக்கு ஒரு பங்கு என்றே பிரிகிறது. வரப்பில் ஒரு வாய் வெட்டியவருக்கு ஒரு பங்கு, ஐம்பது வாய் வெட்டியவருக்கு ஐம்பது பங்கு. ஆகவே எழுத்தரின் ஒரே இணைப்புக்குக் கிடைத்தது ஐம்பத்தொன்றில் ஒரு பங்கு. 8 விநாடியில் முடிய வேண்டிய வேலைக்கு 400 விநாடிக்கு மேல், ஏறத்தாழ ஏழு நிமிடம் ஆகும். அதற்குள் அரசு வலைத்தளம் கெடு முடிந்தது என்று வெளியே தள்ளிவிடும். எழுத்தர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். மூன்று மணி நேரம் இப்படித்தான் கழிந்தது.

இவ்வாறு இணைப்புக் கணக்கில் பிரிவதற்குக் காரணம் உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திற்கும் இடையே, 400 கஜ தூரமே உள்ள தடத்தில், விநாடிக்கு 32,000 பிட் போக வேண்டிய இடத்தில் 40 பிட் மட்டுமே போயிற்று. எல்லோரும் ஒரே சமயத்தில் நெரித்ததால் வந்த வினை அது. வான் ஜேகப்சன் என்னும் அறிஞர் 1988-இல் வெளியிட்ட முறைப்படி, ஒவ்வோர் இணைப்பும் நெரிசல் கண்டவுடன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்றைக்கும் இணையம் நடப்பது அந்த ஒழுக்கத்தினால்தான். ஆனால் ஒரே ஆள் ஐம்பது இணைப்புத் திறப்பார் என்பதை அம்முறை கணக்கில் கொள்ளவில்லை.

பதிவேற்றம் நிரம்பினால் பதிவிறக்கமும் கெட்டுப்போவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். கோட்டாற்று மொத்த வியாபாரி, முன் அனுப்பிய மூட்டைகள் வந்து சேர்ந்தன என்ற சீட்டு வந்தால்தான் அடுத்த மூட்டைகளை ஏற்றுவார். இணையத்திலும் அப்படியே, வந்த பொட்டலங்களுக்கு நாம் சிறு சிறு சீட்டுகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அனுப்பும் வழி நெரிந்துவிட்டால் சீட்டு தாமதப்படும், சரக்கும் நின்றுவிடும். ஒருவருக்குப் பதிவிறக்கம் மெதுவாக இருந்தால், முதலில் பதிவேற்றத் திசையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கண்ணாடி இழையில் இந்தப் பங்கீட்டைக் கம்பெனியின் பக்கத்தில் அழகாகச் செய்திருக்கிறார்கள். வீடுகளுக்கு இணைப்புத் தரும் ஜி-பான் என்னும் முறையில், ஒரே இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. உள்ளே வரும் திசையில் விநாடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட், வெளியே போகும் திசையில் அதில் பாதி. வெளியே அனுப்பும்போது எல்லா வீடுகளும் ஒரே சமயத்தில் பேசினால் ஒளி ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே நிலையத்தில் உள்ள கருவி, ஒரு விநாடியை 8,000 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறுக்குள்ளும் எந்த வீடு எப்பொழுது அனுப்பலாம் என்று முறை வைக்கிறது. தேவை மிகுந்த வீட்டுக்குச் சற்று நீட்டியும், சும்மா இருப்பவருக்குக் குறைத்தும் கொடுக்கிறது. நாழிகைக் கணக்கில் நம் முன்னோர் செய்த நீர்முறைதான் இது. கணக்கு மட்டும் மிக நுண்ணியது. ஆனால் இந்த நீர்க்கட்டி வேலை நம் வாசலோடு முடிந்துவிடுகிறது. அலுவலகத்திற்குள்ளே எந்தக் கணினிக்கு எவ்வளவு என்று பார்ப்பது நம் பொறுப்பு.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கருவியின் பெயர், அதன் முகவரி, யார் பொறுப்பு என்பவற்றை எழுதினோம். அச்சுப் பொறி, கண்காணிப்புக் கேமரா போன்ற நிலையான கருவிகளுக்குரிய எண்களை ரவுட்டரிலேயே ஒதுக்கி வைத்தோம். கைமாற்று மென்பொருளை அடியோடு விலக்கவில்லை. அதன் அமைப்புப் பக்கத்தில் பதிவேற்ற உச்சவரம்பு என்று ஓர் இடம் உண்டு. வெறுமனே விட்டால் வரம்பில்லை என்று பொருள். அளந்து கண்ட பதிவேற்ற வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடி அங்கே எழுதினோம். 20 மெகாபிட் தடமாயின் 4 மெகாபிட். மென்பொருள் கிலோபைட் கேட்குமாயின் 500 என்று போட வேண்டும். கோப்புக்கு வாய் நான்கு, மொத்த இணைப்புகள் ஐம்பது என்றும் கட்டுப்படுத்தினோம். காலை பத்து முதல் மாலை ஆறு வரை முற்றிலும் நிறுத்தி, இரவில் திறக்கும் கால அட்டவணையும் அதே பக்கத்தில் உண்டு. இரவு முறை வாங்கி வயலுக்கு நீர் பாய்ச்சியவர்களுக்கு இது புதிதல்ல.

பிறருக்கு வழிவிட்டுத் தான் ஒதுங்கும் நல்ல குணமுள்ள புதிய மென்பொருள்களும் உண்டு. தடத்தில் தாமதம் விநாடியில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறை ஒன்று 2012 டிசம்பரில் ஆவணமாக வெளியிடப்பட்டது. ஆயினும் அதை மட்டும் நம்பி உச்சவரம்பை எழுதாமல் விட வேண்டாம் என்பது என் கருத்து.

தெரியாமலே கைமாற்று முறை நடக்கும் இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015-இல் வந்த விண்டோஸ் 10, தனக்கு வந்த புதுப்பிப்புகளை இணையத்திலுள்ள வேற்றுக் கணினிகளுக்கும் பகிரும் ஏற்பாட்டுடன் வீட்டுப் பதிப்பில் தானாகவே திறந்து வந்தது. விண்டோஸ் அப்டேட் பகுதியில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்ற பக்கத்தில் இதைக் காணலாம். இதை மூடிவிடாமல், உள்ளூர் வலையிலுள்ள கணினிகளுக்கு மட்டும் என்று மாற்றி வைத்தால் நன்மையே உண்டு. ஒரு கணினி வெளியிலிருந்து ஒருமுறை இறக்கியதை மற்ற நான்கும் அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும். கைமாற்று முறை மிகச் சிறப்பாகப் பயன்படும் இடம் இதுவே.

முகவரி பற்றிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கைமாற்றில் கலந்துகொள்ளும் எவரும் மற்றவர்களுடைய வெளி முகவரியைப் பார்க்க இயலும். புதுத் திரைப்படத்தை ஒருவர் அலுவலக வைஃபையில் இறக்கினால், வெளியே தெரிவது அவர் பெயரன்று, பஞ்சாயத்தின் முகவரி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி இக்குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 இலட்சம் வரை அபராதமும் உண்டு. யார் எந்த உள்ளூர் எண்ணில் இருந்தார் என்ற குறிப்பு அலுவலகத்தில் இல்லாவிடில் பதில் சொல்ல வேண்டியவர் தலைவரும் செயலரும்தாம். வெளியிலிருந்து எளிதாகத் தொடர்பு கிடைப்பதற்காக ரவுட்டரின் கதவை மென்பொருளே திறந்துகொள்ளும் 'யூ.பி.என்.பி.' என்னும் வசதியையும் அலுவலக ரவுட்டரில் அணைத்து வைப்பது நல்லது. புதிய ஆறாம் பதிப்பு முகவரி முறையில் எண்களுக்குப் பஞ்சமில்லை; ஒவ்வொரு கருவிக்கும் வெளியே தெரியும் எண்ணே கிடைக்கும். ஆனால் அப்பொழுது வீட்டுக்கு ஒரு வாசல் என்பது போய் அறைக்கு ஒரு வாசல் ஆகிவிடும். ரவுட்டரின் தடுப்புச் சுவர் இயங்குகிறதா என்பதை இணைப்புக் கொடுக்க வருபவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவையும் செய்ய எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. இழை ஒட்டப்பட்டுப் பழைய வேகம் திரும்பியபின்பும் உச்சவரம்பை நீக்கவில்லை. இழை மறுபடி அறுந்தால் வரம்பைப் புதிதாக அளந்து எழுத வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறோம். அந்த அம்மையார் நான்காம் நாள் வந்தார். இரசீது கிடைத்தது. இழந்த கூலியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.